தழும்பும் சான்றும்

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே செல்லும் சாலை சீவலப்பேரியை அடைகின்றது. பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் இடம் இவ்வூர். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்விடமே என்பதைத் தமிழன்பர்கள் அறிவர். உறவினர் இல்லத் திருமணத்திற்காக மேலப்பாளையம் சென்றிருந்த நாம், ஒருநாள் மாலை இந்த ஆற்றங்கரையைக் காணச் சென்றோம்.

குளித்துக் கரையேறிய முதியவர் ஒருவர் படித்துறையில் அமர்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். எண்பதை நெருங்கிய வயது. அவருடைய இடக்கையில் இரண்டு தழும்புகள் இருந்தன. ஒன்று அகன்று குழிந்தது. மற்றொன்று சிறு பொட்டளவே ஆனது. நம் பார்வை அங்கே சென்றதைக் கண்டு அவரே சொன்னார்:

"பெரிசு அம்மை குத்துனது தம்பி. சின்னது பள்ளிக்கூடத்துல சயத்துக்குப் போட்ட ஊசி."

பக்கத்தில் நீரில் அளைந்துகொண்டிருந்த சிறுமியின் தோளைக் காட்டினார். அங்கும் அச்சிறு பொட்டு இருந்தது. "பேத்தி மகள். பிறந்த உடனே போட்டுட்டாங்க" என்றார். பிறகு சற்று நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அண்ணனுக்கும் இதே தழும்பு இருந்துச்சு. ஒரே நாள்லதான் ரெண்டு பேருக்கும் போட்டாங்க. நாப்பது வயசுல சயத்துலதான் போனாரு. தழும்பு விழுந்தாச்சு, சரி. அது உள்ள வேலை செய்யுதா இல்லையான்னு எப்பிடித் தம்பி தெரிஞ்சிக்கிட?"

நாம் உடனே விடை கூறவில்லை. எளிய கேள்விபோலத் தோன்றினும், மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி அது. அதற்கு உலகிலேயே மிகப் பெரிய அளவில் விடை தேடப்பட்ட இடம் நம் தமிழ்நாடு. சீவலப்பேரிக்கு வடக்கே பல நூறு கல் தொலைவில், பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்த அந்த ஆய்வின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். அதனை ஈண்டு எடுத்துரைப்பது நம் கடன் என்று கருதுகின்றோம்.

தோல் என்னும் வாயில்

நோயைக் கொண்டே நோயைத் தடுக்கும் வழியை மனிதன் முதலில் தோலின் வாயிலாகவே கண்டான். பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அந்நோய் மீண்டும் வருவதில்லை என்பது பண்டைக்காலம் தொட்டே மக்கள் அறிந்த உண்மை. ரய் நகரில் பிறந்து, பக்தாதில் மருத்துவமனைத் தலைவராய் விளங்கிய அறிஞர் அபூபக்ர் அல்-ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுவேறாகப் பிரித்துணர்த்தித் தனி நூலே எழுதினார். ஒருமுறை அம்மை கண்டவரை அது ஏன் மறுமுறை அணுகுவதில்லை என்பதற்கும் அவர் தம் காலத்து அறிவுக்கேற்பக் காரணம் தேடினார்.

அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி அதில் இடும் வழக்கம் துருக்கியில் இருந்தது. உதுமானியத் தலைநகரில் ஆங்கிலத் தூதராயிருந்தவரின் துணைவியார் மேரி வொர்ட்லி மாண்டேகு அம்மையார் இதனை நேரிற்கண்டு, 1718-இல் தம் மகனுக்கே அவ்வாறு செய்வித்தார். ஐரோப்பா அம்மை குத்தக் கற்றுக்கொண்டதில் துருக்கிக் கிழவியரின் ஊசிக்கும் பங்குண்டு. ஜென்னர் 1796-இல் பசு அம்மையைக் கொண்டு இதைவிடத் தீங்கு குறைந்த வழியைக் கண்டார். அந்தப் பசு அம்மைப்பால் வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பக்தாத், பஸ்ரா வழியாகக் கப்பலேறி 1802-இல் பம்பாயை அடைந்தது. ராஸீ மருத்துவம் செய்த நகரத்தின் வழியாகவே அது நம் நாட்டுக்கு வந்தது என்பது நினைக்கத்தக்கது.

தோலுக்கு ஏன் இத்தனைச் சிறப்பு? பெர்லினில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், தோலின் மேலடுக்கில் கிளைவிட்ட வடிவுடைய உயிரணுக்களை 1868-இல் கண்டார். அவற்றை அவர் நரம்பைச் சார்ந்தவை என்றே எண்ணினார். அவை உடலின் எல்லைக் காவலர்கள் என்பது நூறாண்டுக்குப் பின்னரே விளங்கிற்று. வெளியிலிருந்து நுழையும் அயற்பொருளைப் பற்றி, அதன் அடையாளத்தை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசென்று, எதிர்ப்புப் படையை எழுப்புவது அவற்றின் பணி. தசையில் அத்துணைக் காவலர்கள் இல்லை. ஆதலால் தசையில் இடுவதினும் குறைந்த மருந்தைத் தோலுக்குள் இட்டாலே போதும் என்னும் நிலை சில தடுப்பூசிகளில் உண்டு. போலியோ ஊசி மருந்தில் வழக்கமான 0.5 மில்லிலிட்டருக்குப் பதிலாக, ஐந்தில் ஒரு பங்காகிய 0.1 மில்லிலிட்டரைத் தோலுக்குள் இடும் முறையை இந்தியா 2016-இல் தொடங்கியது. வெறிநாய்க்கடிக்கும் தோலுக்குள் இடும் ஊசி உண்டு. 2021-இல் கொரோனாவுக்கென இந்தியாவில் ஒப்புதல் பெற்ற ஜைகோவ்-டி என்னும் மருந்து, ஊசியே இல்லாமல் விசையினால் தோலுக்குள் செலுத்தப்படுவது.

இவை அனைத்திற்கும் ஒரே சோதனைதான் உண்டு. நலமாக இருப்பவர் ஒருவர் தம் கையை நீட்ட வேண்டும். பிணியாளர் மருந்துக்குக் கையை நீட்டுவது இயல்பு. நோயில்லாதவர் நீட்டுவது அப்படியன்று. அவர் நீட்டுவது பெரும்பாலும் பிறருக்காகவே.

கேளாமல் நீட்டப்பட்ட கைகள்

அவ்வாறு நீட்டப்பட்ட கைகளின் பழைய வரலாறு பெருமைப்படத் தக்கதாக இல்லை. மாண்டேகு அம்மையார் சொன்ன முறையைச் சோதிக்க 1721-இல் இலண்டன் நியூகேட் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த கைதிகள் அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அம்மை குத்திக்கொண்டு பிழைத்தால் விடுதலை என்பது ஒப்பந்தம். அறுவரும் பிழைத்தனர், விடுதலையும் பெற்றனர். ஆயினும் தூக்குமேடைக்கும் ஊசிக்கும் இடையே நின்று ஊசியைத் தேர்ந்தவரைத் தன்விருப்பினர் என்று எவ்வாறு அழைப்பது? ஜென்னர் முதலில் குத்தியது தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகனுக்கு. பம்பாயில் முதன்முதல் குத்தப்பட்டவள் மூன்று வயதுப் பெண்குழந்தை. இவர்களை யார் கேட்டார்கள்?

கேட்டுப் பெறுதல் ஒரு பக்கம் இருக்க, கண்டறியும் முறையும் நெடுங்காலம் செம்மையாக இல்லை. குத்தியவருக்கு நோய் வரவில்லை எனில் குத்தியதால்தான் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவர். குத்தாமலே வராதிருந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இதன் தவற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் அல்-ராஸீ. மூளை அழற்சியின் அறிகுறி தோன்றியவர்களில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கியும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காமல் விட்டும், இரண்டையும் ஒப்பிட்டுத் தாம் முடிவு காண முயன்றதை அவர் தம் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். இப்னு சீனாவும் தம் மருத்துவப் பெருநூலில் மருந்துகளைச் சோதிக்கும் விதிகளை வகுத்தபோது, விலங்கில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தலாகாது, மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒப்பிட்டுப் பார், உரிய இடத்தில் பார் என்னும் இவ்விரண்டு நெறிகளும் செங்கற்பட்டு ஆய்வின் உயிர்நாடி என்பதைப் பின்னர்க் காண்போம்.

சயத்துக்கு ஓர் ஊசி

காசநோயின் கிருமியை ராபர்ட் காக் 1882-இல் கண்டறிந்தார். பிரெஞ்சு நாட்டு அறிஞர்களாகிய கால்மெட்டும் கெரேனும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் இடைவிடாது மாற்றி மாற்றி வளர்த்து அதன் கொடுமையைத் தணித்தனர். அதுவே பி.சி.ஜி. எனப்படும் தடுப்புமருந்து. 1921-இல் பாரிசில் ஒரு குழந்தைக்கு வாய்வழியே அது முதலில் கொடுக்கப்பட்டது. பின்னர் ஸ்வீடன் நாட்டு வால்கிரென் என்பார் அதனைத் தோலுக்குள் இடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நம் குழந்தைகளின் தோளில் உள்ள பொட்டு அம்முறையின் விளைவே.

இதற்கிடையே 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. அங்கே ஆய்வுக்கூடத்தில் கொடிய காசநோய்க் கிருமி இம்மருந்தோடு கலந்துவிட, அதனைப் பெற்ற பச்சிளங்குழந்தைகளில் 72 பேர் மாண்டனர். குற்றம் மருந்தினுடையதன்று, கலப்பினுடையது என்று பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அச்சம் நெடுநாள் நின்றது.

மருந்து இடும்முன் ஒருவர் உடலில் கிருமி முன்னரே புகுந்துள்ளதா என அறியவும் தோலே உதவியது. டியூபர்குலின் என்னும் சாற்றை முன்கையில் தோலுக்குள் சிறிதளவு இட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பின் அகலத்தை அளப்பர். தடித்தால் அவ்வுடல் கிருமியை முன்பே அறிந்திருக்கிறது என்பது பொருள். பி.சி.ஜி. இட்டவருக்கும் சில வாரங்களில் இத்தடிப்பு உண்டாகும். ஆகவே, தடித்தால் காப்பு உண்டு என்று பலரும் நம்பினர். அந்த நம்பிக்கையே நம் கட்டுரையின் உட்பொருள்.

சென்னையில் எழுந்த விவாதம்

இந்தியாவில் பி.சி.ஜி. 1948-இல் மதனப்பள்ளியில் தொடங்கியது. அவ்வாண்டே சென்னை கிண்டியில் அதனைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடமும் அமைந்தது. 1951 முதல் நாடெங்கும் பள்ளிக்கூடங்களிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் ஊசி போடும் பேரியக்கம் நடைபெற்றது. சீவலப்பேரிப் பெரியவரும் அவர்தம் தமையனாரும் வரிசையில் நின்றது அந்த இயக்கத்தின் நாட்களிலேயே ஆகலாம்.

எதிர்ப்பும் எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் சாமானியர் அல்லர். முதலமைச்சர் பதவியிலிருந்து 1954-இல் விலகிய இராஜாஜி, மறு ஆண்டிலேயே இவ்வூசியை எதிர்த்துத் தனி நூல் வெளியிட்டார். நலமாயிருக்கும் இலட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதற்கு முன் அதன் பயன் ஐயமற நிறுவப்பட்டதா என்பது அவர் கேள்வி. மைய அரசின் நலவாழ்வு அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌரும் மருத்துவ வல்லுநர்களும் ஊசியின் சார்பில் நின்றனர்.

இன்று இருதரப்பையும் நடுநிலையோடு நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. ஊசி கேடு விளைக்கும் என்ற அச்சம் உண்மையாகவில்லை. கோடிக்கணக்கானோர் அதனைப் பெரும் தீங்கின்றிப் பெற்றனர். ஆனால் அதன் பயன் இம்மண்ணில் மெய்ப்பிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அன்று எவரிடமும் விடை இருக்கவில்லை. இங்கிலாந்தில் பள்ளியிறுதி வகுப்பு மாணவரிடையே 1950-இல் தொடங்கிய ஆய்வு ஏறத்தாழ 80 விழுக்காடு காப்புக் கிடைத்ததாகக் கூறிற்று. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் நடந்த ஆய்வு மிகக் குறைந்த காப்பையே கண்டது. ஒரே மருந்து ஓரிடத்தில் பயன் தந்து, வேறிடத்தில் தராமல் போவதேன்? தென்னிந்தியாவில் அது எவ்வாறு இருக்கும்? சொற்போரால் தீரும் வழக்கன்று அது. எண்ணிப் பார்த்தே தீரவேண்டிய வழக்கு.

செங்கற்பட்டுச் சிற்றூர்கள்

எண்ணிப் பார்க்கும் கலையில் சென்னை ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. 1956-இல் இங்கே நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருத்துவ விடுதியிலும் மறு பிரிவினர்க்கு வீட்டிலும் மருந்தளித்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்து மருந்துண்டோரும் விடுதியில் இருந்தோருக்குச் சற்றும் குறையாமல் குணமடைந்தனர் என 1959-இல் அது உலகுக்கு அறிவித்தது. ஏழையின் குடிசையும் மருத்துவமனை ஆகலாம் என்று காட்டிய ஆய்வு அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக நலவாழ்வு நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறையோடும் சேர்ந்து 1968-இல் பி.சி.ஜி. ஆய்வைத் தொடங்கியது. சென்னைக்கு மேற்கே, அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில், அடுத்தடுத்து அமைந்த 209 சிற்றூர்களும் ஒரு நகரமும் களமாயின. நோய் மிகுந்த பகுதி என்பதே தேர்வுக்குக் காரணம். பயன் இருப்பின் அது தெளிவாகப் புலப்படும் இடம் அதுவன்றோ!

பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று 3,66,625 பேரைப் பதிவு செய்தனர். டியூபர்குலின் சோதனை செய்து, மூன்றாம் நாள் தடிப்பை அளந்தனர். சிறு குழந்தைகள் நீங்கலாக மற்றையோரை எக்ஸ்ரே எடுத்தனர். ஐயத்துக்குரியோரின் சளியைச் சோதித்தனர். 1971 வரை நடந்த இந்த முதற்சுற்றில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இருவகைப் பி.சி.ஜி. பயன்பட்டன. ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என இரண்டு அளவுகள் இருந்தன. மற்றொரு பிரிவினர்க்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார். பின்னாளில் நோயைக் கண்டு குறித்தவரும் அறியார்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். மருந்து இருக்கும்போது ஒரு சாராருக்கு வெற்று ஊசி போடுவது அறமாகுமா? மருந்தின் பயன் நிறுவப்பட்டிருந்தால் அது அறமாகாது. பயனே ஐயத்திலிருக்கும்போது, எந்தப் பிரிவினர் பேறு பெற்றவர் என்பதை எவரும் சொல்ல முடியாது. அவ்வறியாமை உண்மையாக இருக்கும்வரைதான் இத்தகைய ஆய்வுக்கு அறத்தின் இசைவு உண்டு. ஒரு பக்கத்தின் நன்மை தெளிந்த பிறகும் மறு பக்கத்தாரைக் காக்க வைப்பது கொடுமை. இவ்வெல்லையை மறவாதிருப்பதே ஆய்வாளரின் கடமை.

ஊசி போட்டதோடு பணி முடியவில்லை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்தோறும் மீண்டும் சென்றனர். ஐயமுற்றோரை இடையிடையே சோதித்தனர். தாமாக இருமலோடு வந்தோரையும் பார்த்தனர். இவ்வாறு 15 ஆண்டுகள் கழிந்தன. கைக்குழந்தையாய் ஊசி பெற்றவன் மீசை அரும்பிய இளைஞன் ஆனான். அந்தக் காலமெல்லாம் அம்மக்கள் அழைக்கும்போதெல்லாம் வந்து எக்ஸ்ரே முன் நின்றனர். வயலில் நடவை நிறுத்திவிட்டு வந்தவர் உண்டு, கைக்குழந்தையோடு வந்த தாய்மார் உண்டு என்று நாம் கருதுவதில் தவறிருக்காது. உலக மருத்துவ நூல்களில் செங்கற்பட்டு என்ற பெயர் அச்சாகியிருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை.

வந்த விடை

ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் தோல் சோதனை செய்தபோது ஆய்வாளர்கள் மகிழ்ந்திருப்பர். பி.சி.ஜி. பெற்றவர்களின் முன்கை நன்றாகவே தடித்தது. உடல் மருந்தை அறிந்துகொண்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் அந்நாளில் இல்லை. ஆனால் இரண்டரை ஆண்டில் அத்தடிப்பு வெகுவாகக் குறைந்துபோயிற்று.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியானபோது உலகம் திகைத்தது. நோய் அவ்வூர்களில் மிகுதியாகவே இருந்தது. ஆனால் பி.சி.ஜி. பெற்றவருக்கும் வெற்று ஊசி பெற்றவருக்கும் இடையே காப்பில் வேறுபாடு காணப்படவில்லை. 15 ஆண்டு முடிவு 1999-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் தோல் சோதனையில் தடிக்காமல், எக்ஸ்ரேயிலும் பழுதின்றி இருந்தவர்கள் 1,09,873 பேர். முன்னரே கிருமி புகாத இவர்களிடத்தில்தான் ஊசியின் திறம் நேர்மையாகப் புலப்படும். இவர்களுள் 560 பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டது. பெரிய அளவு பெற்றோர், சிறிய அளவு பெற்றோர், வெற்று ஊசி பெற்றோர் ஆகிய மூன்று பிரிவிலும் நோய் கண்ட விகிதம் ஒத்தே இருந்தது. வளர்ந்தோருக்குக் காப்பே இல்லை. குழந்தைப் பருவத்தில் ஊசி பெற்றோருக்கு 27 விழுக்காடு காப்புத் தென்பட்டது. அந்த எண்ணும் உறுதியானதன்று, தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கியல் எச்சரித்தது.

காரணம் தேடினர். மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற இனக்கிருமிகள் நம் உடலை முன்னரே பழக்கிவிடுவதால் பி.சி.ஜி.க்கு வேலையில்லாமல் போகிறது என்றனர் சிலர். அவ்வூர்களில் அத்தகைய பழக்கம் ஏறத்தாழ எல்லாரிடமும் இருந்தது மெய்தான். வெளியிலிருந்து மீண்டும் மீண்டும் கிருமி தொற்றுவதே காரணம் என்றனர் வேறு சிலர். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இம்மருந்தின் பயன் கூடுகின்றது என்பதையும் பல நாட்டு ஆய்வுகளை ஒப்பிட்டோர் கண்டனர். ஆயினும் முன்பழக்கமோ மறுதொற்றோ செங்கற்பட்டின் முடிவை முழுதும் விளக்கப் போதாது என்று 1999-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இங்கே நாம் மதிக்க வேண்டியது ஒன்றுண்டு. பல ஆண்டு உழைப்பும் பெரும்பொருளும் செலவிட்டு, ஆய்வாளர்கள் பெற்ற விடை 'இல்லை' என்பது. நாடெங்கும் அரசே போட்டுவரும் ஊசியைப் பற்றிய விடை அது. அதனை மறைக்கவோ மழுப்பவோ செய்யாமல், எண்களோடு உலகின் முன் வைத்தார்கள். கை நீட்டிய மக்களுக்கு அவர்கள் செலுத்திய நன்றிக்கடன் அந்த நேர்மையே என்போம். அம்மக்களின் பொறுமைக்கு ஈடாகப் பொய்யான ஆறுதல் ஒன்றைத் தந்திருந்தால், அது அவர்களுக்கு இழைத்த வஞ்சனை ஆகியிருக்கும்.

தடிப்பும் காப்பும்

அவ்வாறாயின் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் இவ்வூசி என்று கேட்கலாம். செங்கற்பட்டில் ஆராயப்பட்டது வளர்ந்தோருக்கு நுரையீரலில் வரும், சளியில் கிருமி காணும் காசநோய். பச்சிளங்குழந்தைகளுக்கு மூளை உறையில் வரும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் இவ்வூசி நன்கு தடுக்கின்றது என வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை உயிர்குடிக்கும் கொடிய வகைகள். ஆதலால் 1980-இல் இம்முடிவுகளை ஆராய்ந்த வல்லுநர் குழுவினர் குழந்தைகளுக்கான ஊசியைத் தொடரவே பரிந்துரைத்தனர். அது சரியான பரிந்துரையே.

வளர்ந்தோருக்கான தேடல் இன்றும் நிற்கவில்லை. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கும்போது எங்ஙனம் நிற்கும்? நோயாளரோடு ஒரே வீட்டில் வாழும் நலமானவர்களிடையே இரண்டு புதிய தடுப்பூசிகளைச் சோதிக்கும் பெரிய ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் தொடங்கியது. வளர்ந்தோருக்குப் பி.சி.ஜி.யை மீண்டும் இட்டுப் பார்க்கும் முயற்சியும் 2024-இல் சில மாநிலங்களில் தொடங்கப்பட்டது. 1948-இல் பி.சி.ஜி. முதலில் வந்திறங்கிய அதே மதனப்பள்ளியில், குழந்தைப் பருவத்தில் ஊசி பெற்ற நலமான இளைஞர்களுக்கு மறுமுறை ஊசி இட்டு, அவர்தம் குருதியை ஆராய்ந்தனர். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வலிமை மிகுந்தது என்று 2019-இல் வெளியான அவ்வாய்வு கூறிற்று.

நற்செய்திதான். ஆனால் செங்கற்பட்டை நினைவில் கொண்டோர் உடனே முரசறைய மாட்டார்கள். அன்று முன்கையின் தடிப்பை மில்லிமீட்டர் கோலால் அளந்தோம். இன்று குருதியணுக்களை நுண்கருவியால் எண்ணுகின்றோம். கருவி வளர்ந்துள்ளது, கேள்வி மாறவில்லை. உடல் மருந்தை அறிந்துகொண்டது என்பது ஒன்று. நோயை வெல்லும் என்பது வேறொன்று. முன்னதை ஒரு சில நூறு பேரிடம் ஓராண்டில் காணலாம். பின்னதைக் காண ஆயிரமாயிரம் பேரும் நெடிய ஆண்டுகளும் வேண்டும்.

கை நீட்டுவோரின் நிலையும் இன்று மாறியுள்ளது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் அறநெறிப் பிரகடனம் வெளியிட்டது. 1980-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனிதரிடம் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுத்தது. 2019-ஆம் ஆண்டின் விதிகள் ஆய்வினால் தீங்குற்றோருக்கு இழப்பீட்டை உறுதி செய்கின்றன. தமக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் கேட்டறிந்து ஒப்பவும், வேண்டாமெனில் எந்நேரமும் விலகவும் அவர்களுக்கு உரிமை உண்டு. நியூகேட் கைதிக்கு இல்லாத உரிமை இது. ஆய்வின் முடிவைத் தாமும் அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்போம். அதனை அவர்களிடம் கொண்டுசெல்லும் பணியில் இதழ்களாகிய நமக்கும் பங்கிருக்கின்றது.

பெரியவருக்குச் சொன்னது

ஆற்றங்கரையில் இருட்டத் தொடங்கியிருந்தது. இந்த வரலாற்றையெல்லாம் நம்மால் இயன்ற எளிய சொற்களில் அப்பெரியவரிடம் எடுத்துரைத்தோம். வெற்று ஊசி பெற்றவர்க்கும் மருந்து பெற்றவர்க்கும் நோய் ஒரே அளவில் வந்தது என்றபோது, அவர் தம் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்பம் எங்க அண்ணன் உடம்புல ஒரு குறையும் இல்ல. ஊசி போட்ட பிள்ளை மேலயும் தப்பு இல்ல. அப்பிடித்தானே தம்பி?" என்றார்.

அப்படித்தான் என்றோம். வளர்ந்தவரைக் காக்கும் வலிமை அந்த ஊசிக்கு இல்லை என்பது அவர்தம் தமையனார் வரிசையில் நின்ற நாளில் எவருக்கும் தெரியாது. செங்கற்பட்டில் கை நீட்டிய மக்களால் இன்று அது நமக்குத் தெரிகின்றது. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் தழும்பை நம்பி வாளாவிராமல் சளியைச் சோதிக்க வேண்டும் என்பதும், ஆறு மாத மருந்தைத் தவறாமல் உண்டால் பெரும்பாலோர் பிழைப்பர் என்பதும் தெரிகின்றது.

பெரியவர் சிறுமியை நீரிலிருந்து அழைத்தார். அவள் தலையைத் துவட்டிவிட்டு, தோளிலிருந்த பொட்டைச் சுட்டி நம்மிடம் கேட்டார்: "இவளுக்கு இது பிரயோசனந்தானே?"

"பிரயோசனந்தான். குழந்தைக்கு வரக்கூடிய கொடிய வகையை அது தடுக்கும். பெரியவளானபின் வருவதற்கு வேறு மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றோம்.

"தேடட்டும்" என்று சொல்லி அவர் எழுந்தார். எங்கோ நலமாயிருக்கும் ஓர் இளைஞர் அவளுக்காகத் தம் கையை நீட்டிக்கொண்டிருப்பார் என்ற எண்ணத்தோடு நாமும் பாளையங்கோட்டை சாலையை நோக்கி நடந்தோம்.